கதிர்வீச்சு மானிட்டர்களைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும்: ஜூரோங் தம்பிக்கு ஒரு பதில்

ஜூரோங் தீவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணே, நான் பிரஷர், லெவல் டிரான்ஸ்மிட்டர் எல்லாம் காலிபிரேட் பண்றேன். அணுமின் நிலையத்துல கதிர்வீச்சு மானிட்டரை எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க, ரிப்பேர் பண்ணுவாங்க? நம்ம வேலைக்கும் அதுக்கும் ரொம்ப தூரமா? சிங்கப்பூர்லயும் நியூக்ளியர் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்களே, இப்பவே கத்துக்கலாமா?"

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இந்த வேலையைப் பார்த்தவன் நான். இப்போது இங்கே சர்வே மீட்டர்களை, அதாவது கையில் எடுத்துப்போய்க் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை, காலிபிரேட் செய்கிறேன் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது). அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரம் இல்லை தம்பி. மின்னணுப் பகுதியில் முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்ததுதான்: பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர், 4-20 மில்லிஆம்ப் சிக்னல், ரிலே, அலாரம் கார்டு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரஷர் டிரான்ஸ்மிட்டர் செத்தால் பிராசஸ் ஆடும், பக்கத்து கேஜ் காட்டிக்கொடுக்கும், ஆபரேட்டர் போன் அடிப்பார். கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, மோந்தும் பார்க்க முடியாது. செத்த மானிட்டர் காட்டும் குறைந்த அளவும் சுத்தமான அறையில் நல்ல மானிட்டர் காட்டும் குறைந்த அளவும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் இந்தத் தொழிலில் அடிக்கடி அலாரம் அடிக்கும் கருவி வெறும் தலைவலி, அமைதியாக இருக்கும் கருவிதான் ஆபத்து. அந்த அமைதி உண்மையானதுதான் என்று நிரூபிப்பதற்காகவே மற்ற எல்லாச் சோதனைகளும்.

நிலையத்தில் என்னென்ன இருக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறைகளின் சுவரில் ஏரியா மானிட்டர்கள். அவற்றில் சில கைகர் முல்லர் குழாய் (கதிர்களை மின்துடிப்புகளாக எண்ணுவது), சில அயனியாக்க அறை (கதிர்வீச்சு வாயுவில் உண்டாக்கும் மின்னோட்டத்தை அளப்பது). புகைபோக்கியில் காற்றை இழுத்து தூசி, அயோடின், மந்த வாயு மூன்றையும் தனித்தனியாக அளக்கும் ஸ்டாக் மானிட்டர். குழாய்களை ஒட்டி பிராசஸ் மானிட்டர். வெளியே வரும் வாசலில் ஆள் நின்று சோதித்துக்கொள்ளும் போர்ட்டல் மானிட்டர். கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் இவற்றோடு டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அளவீடும் உண்டு. டிரிட்டியம் விடும் பீட்டா கதிரின் ஆற்றல் அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். தோலைக்கூடத் தாண்டாது, சாதாரண கைகர் குழாயின் சுவரையும் தாண்டாது. அதை அளக்கக் காற்று மாதிரி எடுக்க வேண்டும், ஆட்களிடம் சிறுநீர் மாதிரி வாங்க வேண்டும். அழுத்த நீர் உலைகளில் நீராவிக் குழாயை ஒட்டி நைட்ரஜன்-16 மானிட்டர் வைப்பார்கள். உலைக்குள் நீரில் உள்ள ஆக்சிஜன் நியூட்ரானில் அடிபட்டு உருவாகும் இதன் அரை ஆயுள் (சிதைந்து பாதியாகக் குறையும் நேரம்) 7 விநாடிதான், காமா கதிரின் ஆற்றலோ 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். நீராவி ஜெனரேட்டர் குழாயில் நுண்ணிய கசிவு வந்து உலை நீர் நீராவியில் கலந்தால் முதலில் சொல்வது இதுதான்.

சரி, சோதனைக்கு வருவோம். மூன்று அடுக்கு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆபரேட்டர் செய்வது ஒரு பார்வை: அளவு வழக்கமான இடத்தில் இருக்கிறதா, பக்கத்து மானிட்டரோடு ஒத்துப்போகிறதா, கொஞ்சமாவது ஆடுகிறதா. ஆடாமல் ஒரே எண்ணில் நிற்கும் கதிர்வீச்சு மானிட்டரை நம்பாதீர்கள். கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நடப்பது. 100 எண்ணிக்கை வந்தால் அதில் இயல்பாகவே 10 கூடும் குறையும், அதாவது 10 சதவீதம். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 10,000 எண்ண வேண்டும். டிரான்ஸ்மிட்டர் வேலையிலிருந்து வருபவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்தவுடன் டாம்பிங்கை (சராசரி எடுத்து ஆட்டத்தைக் குறைக்கும் அமைப்பு) கூட்டிவிடப் பார்ப்பார்கள். கூட்டினால் முள் அழகாக நிற்கும், ஆனால் உண்மையில் அளவு ஏறும்போது அலாரம் தாமதமாக வரும். எவ்வளவு நேரம் சராசரி எடுப்பது என்பது பாதுகாப்புக் கணக்கு, கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக அதை மாற்றக் கூடாது.

இரண்டாவது, சோர்ஸ் செக். பல மானிட்டர்களின் டிடெக்டர் பக்கத்திலேயே ஒரு சின்னக் கதிரியக்க மூலம் இருக்கும். பட்டனை அழுத்தினால் சோலினாய்டு அதை டிடெக்டர் முன் கொண்டுவரும், அளவு எதிர்பார்த்த இடத்துக்கு ஏற வேண்டும். சில வகைகளில் மூலம் எப்போதும் முன்னாலேயே இருக்கும். அதனால் கருவி ஒருநாளும் பூஜ்யத்துக்குப் போகாது. எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனாலே "கருவி பழுது" என்று தனி அலாரம் அடிக்கும். சிண்டிலேட்டர் வகையில் (கதிர் பட்டால் ஒளிரும் படிகமும், அந்த ஒளியை மின்துடிப்பாக்கும் போட்டோமல்டிப்ளையர் குழாயும் கொண்டது) எல்ஈடி ஒளியைப் பாய்ச்சிச் சோதிப்பதும் உண்டு. எனக்கு அது பாதிச் சோதனைதான். போட்டோமல்டிப்ளையரும் மின்சுற்றும் நன்றாக இருப்பதை எல்ஈடி சொல்லும், படிகம் கெட்டுப்போயிருந்தால் சொல்லாது.

மூன்றாவது முழுக் காலிபிரேஷன். அமெரிக்க நிலையங்களில் பெரும்பாலும் எரிபொருள் மாற்றும் நிறுத்தத்தை ஒட்டி 18 மாதத்துக்கு ஒருமுறை செய்வார்கள். அளவு தெரிந்த மூலத்தை, அளவு தெரிந்த தூரத்தில் வைத்து, பல புள்ளிகளில் கருவி என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. காமாவுக்கு சீசியம்-137, கோபால்ட்-60, பீட்டாவுக்கு ஸ்ட்ரான்ஷியம்-90. அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள்தான் என்பதால் அதற்குப் பதில் பேரியம்-133 வைப்பார்கள். இரண்டின் காமா ஆற்றலும் பக்கத்தில் பக்கத்தில், 364, 356 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.

இங்கே புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மூலம் தானாகவே தேய்ந்துகொண்டிருக்கும். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருடம், அதாவது வருடத்துக்குச் சுமார் 12 சதவீதம் இறங்கும். சான்றிதழில் உள்ள தேதியைப் பார்க்காமல் பழைய எண்ணையே இலக்காக வைத்து கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) திருகினால், நல்ல கருவியை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். சீசியம்-137க்கு 30 வருடம் என்பதால் வருடத்துக்கு 2 சதவீதம்தான், அந்தத் தப்பு சீக்கிரம் தெரியாது. இரண்டாவது தூரம். அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். 20 சென்டிமீட்டரில் வைக்கும்போது ஒரு சென்டிமீட்டர் தள்ளிவிட்டால் 9 சதவீதம் போச்சு. அதே ஒரு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் தூரத்தில் 2 சதவீதம்தான். தூரத்தை டிடெக்டரின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், பெட்டியின் மூடியிலிருந்து அல்ல.

திருகு கையில் எடுக்கும் முன் எப்போதும் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வந்தபோது கருவி என்ன காட்டியது என்பதை எல்லாப் புள்ளிகளிலும் எழுதிவிடுங்கள். அதற்கப்புறம்தான் சரிசெய்வது, சரிசெய்தபின் மறுபடியும் எழுதுவது. முதல் எண்தான் விலைமதிப்புள்ளது. அது வரம்புக்கு வெளியே இருந்தால், போன காலிபிரேஷனிலிருந்து இன்றுவரை அந்தக் கருவி சொன்னதையெல்லாம் மறுபடி யோசிக்க வேண்டும்: அந்த அறைக்குள் போனவர்களின் டோஸ் (உடல் வாங்கிய கதிர்வீச்சு), வெளியே விட்ட வாயுவின் கணக்கு, எல்லாம். முதலில் திருகிவிட்டால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும். ஜூரோங் தீவில் இதே பழக்கம் உங்களுக்கு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கைகர் குழாய்க்கு மட்டும் இன்னொரு சோதனை. மூலத்தை அசைக்காமல் வைத்து ஹை வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே எண்ணிக்கையை எழுதுங்கள். முதலில் மளமளவென்று ஏறும், அப்புறம் சமதளம், அதையும் தாண்டினால் மறுபடி எகிறும். எகிறும் இடத்தில் குழாய் தொடர்ந்து டிஸ்சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம், உடனே இறக்கிவிடுங்கள். குழாய் வயதாக ஆகச் சமதளம் சுருங்கும், சரியும். அந்த வரைபடத்தைப் பழையதோடு ஒப்பிட்டாலே இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த வோல்டேஜைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்காதீர்கள். சின்னக் கருவிகளின் ஹை வோல்டேஜ் சப்ளைக்கு மின்னோட்டம் தரும் சக்தி மிகக் குறைவு. 10 மெகாஓம் மல்டிமீட்டரை வைத்தாலே அது படுத்துவிடும். 900 வோல்ட் இருக்கும் இடத்தில் மிகக் குறைவாகக் காட்டும், நீங்கள் சப்ளை பழுது என்று போர்டைக் கழற்றுவீர்கள். ஒரு ஜிகாஓம் புரோப் வேண்டும். நல்ல போர்டுகள் இப்படிக் குப்பைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பழுது என்று எடுத்துக்கொண்டால் முதல் சந்தேகம் கேபிள் மீதும் கனெக்டர் மீதும்தான் போக வேண்டும். அயனியாக்க அறையிலிருந்து வரும் மின்னோட்டம் பிக்கோ ஆம்பியர் அளவு, ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் இன்சுலேட்டர் மேல் படிந்த விரல் ரேகையே ஒரு மின்பாதை. கனெக்டருக்குள் ஈரம் புகுந்தால் சும்மா இருக்கும்போதே அளவு ஏறி நிற்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவைத்து, சிலிக்கா ஜெல் பையை மாற்றினால் பாதிக் கேஸ்கள் முடிந்துவிடும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதத்தில் வேலை செய்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோன சர்வே மீட்டருக்குள் வியர்த்துப்போவது இங்கே நான் அடிக்கடி பார்ப்பது.

திடீர் திடீரென்று குதித்து இறங்கும் அளவு என்றால் மின் இரைச்சல். பக்கத்தில் யாராவது வாக்கி-டாக்கி அழுத்தினார்களா, வெல்டிங் நடந்ததா, மோட்டார் ஸ்டார்ட் ஆனதா என்று நேரத்தை ஒப்பிடுங்கள். கேபிள் ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருந்தாலும் இதே தொல்லை. மெல்ல மெல்ல நகரும் அளவு என்றால் வெப்பநிலை, வயதான கெபாசிட்டர், இல்லையென்றால் போட்டோமல்டிப்ளையரின் கெயின். சோடியம் அயோடைடு படிகம் ஈரத்தை உறிஞ்சி மஞ்சளாகிவிடும், அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஆல்ஃபா புரோபின் மெல்லிய ஜன்னலில் ஊசித்துளை விழுந்தால் வெளிச்சம் புகுந்து எண்ணிக்கை எகிறும். டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் பட்டவுடன் ஏறினால் அதுதான். ஆனால் ஹை வோல்டேஜ் ஓடும்போது போட்டோமல்டிப்ளையர் உறையை மட்டும் திறந்துவிடாதீர்கள், அறை வெளிச்சமே குழாயைக் கொன்றுவிடும்.

ஸ்டாக் மானிட்டரில் எலக்ட்ரானிக்ஸைவிட இயந்திரப் பகுதிதான் அதிகம் படுத்தும். பம்ப்பின் டயஃப்ரம் கிழியும், காற்றோட்ட அளவு தவறும், நகரும் ஃபில்டர் பேப்பர் சிக்கிக்கொள்ளும். டிடெக்டர் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருக்கும், அதன் முன் காற்றே வராது. மாதிரிக் குழாயில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் புகைபோக்கிக் காற்றுக்குப் பதில் அறைக் காற்றை இழுத்து, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி, வேலையை எப்படிச் செய்வது. பெர்மிட், டூல்பாக்ஸ் மீட்டிங் எல்லாம் உங்களுக்குப் பழக்கம். கூடுதலாகக் கதிர்வீச்சு வேலை அனுமதி ஒன்று, சட்டையில் டோசிமீட்டர். கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லாமல் கேபிளைக் கழற்றினால் மானிட்டர் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு வென்டிலேஷன் டாம்பரை மூடிவிடலாம், அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். ஆகவே முறைப்படி பைபாஸ் போட வேண்டும், அதாவது மானிட்டரின் தானியங்கிச் செயலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். அதைவிட முக்கியம் வேலை முடிந்ததும் அந்தப் பைபாஸை எடுப்பது. எடுத்ததை இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கழற்றிய டிடெக்டரில் கதிரியக்க அழுக்கு இருக்கிறதா என்று துடைத்துச் சோதித்த பிறகே ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப்போக முடியும். அதிக அளவுள்ள அறை என்றால் அங்கேயே உட்கார்ந்து பழுது தேடக் கூடாது, முழு யூனிட்டையும் மாற்றிவிட்டு வெளியே வந்து நிதானமாகத் தேட வேண்டும். வீட்டில் பயப்படுவார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். சர்வதேசப் பரிந்துரைப்படி பணியாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (டோஸின் அலகு) வரம்பு, எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. இந்தியாவில் ஒரு வருட உச்சவரம்பு 30. திட்டமிட்டு வேலை செய்யும் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் இந்த வரம்பு பக்கமே போக வேண்டியதில்லை.

அலாரம் அடித்தால் "கருவி சரியில்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடாதீர்கள். 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லிமரிக் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் போர்ட்டல் மானிட்டரைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அடித்தது. நிலையம் அப்போதுதான் இயங்கத் தயாராகிக்கொண்டிருந்தது, அழுக்கு எங்கிருந்து வரும் என்று குழப்பம். அவர் காலையில் உள்ளே நுழையும்போதே சோதித்துப் பார்த்தார், அப்போதும் அடித்தது. மூலம் அவர் வீடு. மண்ணிலிருந்து கசிந்த ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயு அங்கே லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி இருந்தது. அமெரிக்காவில் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 4. வீடுகளில் ரேடானைச் சோதிக்கும் வழக்கம் அங்கே பரவியதற்கு அந்த அலாரம் பெரிய காரணம். பதினாறு மாதம் கழித்து, 1986 ஏப்ரல் 28 அன்று, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணி அலாரத்தைத் தூண்டியது. தங்கள் நிலையத்தில்தான் கசிவு என்று முதலில் தேடினார்கள். வந்ததோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், செர்னோபிலிலிருந்து.

ரேடான் உங்களையும் அலைக்கழிக்கும். காற்றோட்டம் நின்றால் அதன் சேய்ப்பொருட்கள் (ரேடான் சிதைந்து உண்டாகுபவை) ஃபில்டரில் சேர்ந்து தூசி மானிட்டர் ஏறும். ஃபில்டரைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். அரை மணி, முக்கால் மணியில் பாதியாகக் குறைந்தால் ரேடான், குறையாமல் நின்றால் சீரியஸ். இங்கே மாலை இடிமழையில் திறந்தவெளிக் காமா மீட்டர் கொஞ்சம் ஏறி இறங்குவதும் இதனால்தான், மழை அவற்றைக் காற்றிலிருந்து கழுவித் தரைக்குக் கொண்டுவருகிறது.

அளவு வரம்பின் உச்சியில் நிற்பது இன்னொரு பொறி. செர்னோபில் விபத்து நடந்த இரவில் கையில் இருந்த மீட்டர்கள் மணிக்கு 3.6 ராண்ட்ஜனுக்கு (கதிர்வீச்சின் பழைய அலகு) மேல் காட்டாது. அந்த 3.6ஐயே உண்மை அளவு என்று மேலே சொன்னார்கள், உண்மை பல ஆயிரம் மடங்கு. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலைய விபத்திலும் ஸ்டாக் மானிட்டர்கள் வரம்பு தாண்டிக் குருடாகின. அதன் பிறகுதான் அமெரிக்காவில் உலைக் கட்டடத்துக்குள் மணிக்கு ஒரு கோடி ராண்ட்ஜன் வரை காட்டும் மானிட்டர் கட்டாயமானது. கைகர் குழாய் இதைவிட மோசமாக ஏமாற்றும். மிக அதிகக் கதிர்வீச்சில் ஒரு துடிப்பிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்து, பூஜ்யத்துக்கே போகலாம். நல்ல கருவிகளில் இதைக் கண்டுபிடிக்கத் தனிச் சுற்று இருக்கும். காலிபிரேஷனின்போது அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். நிறைய இடங்களில் அதை யாரும் தொடுவதே இல்லை.

சிங்கப்பூர் விஷயம். இங்கே மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் வருகிறது. அணுமின் நிலையம் இல்லை, கட்டுவதாக முடிவும் எடுக்கவில்லை. 2012 ஆய்வு, அப்போது இருந்த தொழில்நுட்பம் இந்தச் சின்னத் தீவுக்குப் பொருந்தாது என்றது. 2014இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு ஆராய்ச்சி, பாதுகாப்பு முயற்சி ஒன்றைத் தொடங்கினார்கள், 2025இல் அது கழகமாக வளர்ந்தது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அணு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆட்களைத் தயார் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பி இருக்கும் வேலையை விடாதீர்கள். ஆனால் கற்றுக்கொள்ள அணு உலை தேவையில்லை. உங்கள் ஆலையிலேயே சீசியம் கதிரால் தொட்டியின் மட்டத்தை அளக்கும் லெவல் கேஜ் இருக்கலாம். கப்பல் பட்டறைகளில் இரிடியம்-192 வைத்து வெல்டிங்கைப் படமெடுக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்கள் இடுப்பில் தொங்கும் சர்வே மீட்டரை யாரோ ஒருவர் சோதித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசி, என்இஏயில் (தேசியச் சுற்றுச்சூழல் வாரியம்) கதிர்வீச்சுப் பணியாளராகப் பதிவு செய்யும் வழியைக் கேளுங்கள்.

வீட்டில் பழக ஆன்லைனில் சோர்ஸ் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், இங்கே கதிரியக்கப் பொருளை உரிமமில்லாமல் வைத்திருப்பது சட்டச் சிக்கல். மலிவான கைகர் கவுன்ட்டர் ஒன்று போதும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 31 சிதைவுகள் இயற்கையாகவே நடக்கின்றன. உப்பு இல்லாமல் ஒரு நிமிட எண்ணிக்கையை நூறு தடவை எழுதுங்கள், அப்புறம் பொட்டலத்தைக் குழாயை ஒட்டி வைத்து இன்னொரு நூறு. இரண்டின் சராசரியையும் பரவலையும் (திட்ட விலக்கம்) போட்டுப் பாருங்கள். எண்கள் வந்ததும் அனுப்புங்கள், பரவல் சராசரியின் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் மீட்டரில் என்ன கோளாறு என்று சேர்ந்து பார்ப்போம்.